சி பிளாக் நோயாளிகள்

கதவு தட்டும் சத்தம் கேட்டதும் மகிழினி எழுந்திருக்காமலே, "சக்கரை இல்லக்கா" என்றாள்.

"சக்கர வாணாம் கண்ணு. வயிறு வலிக்குது" என்றது வெளியே இருந்த குரல்.

மகிழினி புத்தகத்தை மூடினாள். அம்மா போனதிலிருந்து சி பிளாக்கில் தினமும் யாராவது ஒருவர் இந்தக் கதவைத் தட்டிச் சர்க்கரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். சர்க்கரை இல்லாவிட்டால் கறிவேப்பிலை, அதுவும் இல்லாவிட்டால் தீப்பெட்டி. கொருக்குப்பேட்டையில் கடைகளையெல்லாம் மூடிவிட்டார்களா என்ன என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. அம்மா கெங்கம்மாவுக்கும் இதே கெட்ட பழக்கம் இருந்தது. வீட்டு டப்பாவில் சர்க்கரை நிரம்பி வழியும். ஆனாலும் கீழே போய் மோட்டார் போட்டுவிட்டு வருகிற வழியில் மூன்றாம் மாடிக்கு ஏறி, பீம்ராவ் தாத்தா வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கிக்கொண்டு வருவாள். ஏன் என்று கேட்டால், "அவுரு வூட்டு சக்கர சோக்கா கீது" என்பாள். பீம்ராவ் இப்போது மகளோடு ஆவடிக்குப் போய்விட்டார். அம்மா எங்கே போனாளோ, அங்கிருந்து யாரும் திரும்பி வருவதில்லை.

ஆகவே மகிழினி உள்ளேயிருந்தே "இல்லை" என்று சொல்லக் கற்றுக்கொண்டிருந்தாள். ஆனால் வயிற்று வலிக்காரரிடம் "இல்லை" என்று எப்படிச் சொல்வது? கதவைத் திறந்தாள்.

கீழ்வீட்டு அங்கம்மா நின்றாள். கல்மண்டபத்தில் மீன் விற்கிறவள். ஒரு கை வயிற்றில். இன்னொரு கையில் தண்ணீர் மோட்டார் சாவி. சி பிளாக்கில் தொட்டி மோட்டாரை ஒரு நாளைக்கு ஒரு வீடு போட வேண்டும் என்பது ஏற்பாடு. சாவி வீடு வீடாகச் சுற்றும். தொலைந்துபோகக் கூடாது என்று மீன்வலை மிதவை ஒன்றை அதில் கட்டியிருந்தார்கள். ஆரஞ்சு நிறத்தில், தேங்காய் அளவுக்கு இருக்கும். மகிழினி காலையில் போய்ச் சாயங்காலம்தான் வருகிறவள் என்பதால், அவள் வீட்டு முறையையும் அங்கம்மாவே சேர்த்துப் பார்த்துக்கொண்டாள்.

"அக்கா, நான் டாக்டர் இல்லக்கா. எம்.எஸ்சி. பயோமெடிக்கல் சயின்ஸ் படிக்கிறேன்."

"அத்ததான் நானும் சொல்றேன். கொடியில வெள்ள கோட்டு காயுதே."

"அது லேப் கோட்டு."

"கோட்டு கோட்டுதான கண்ணு. நான் குந்தட்டா?"

கேட்டது பேச்சுக்குத்தான். அதற்குள் குந்திவிட்டாள். வயிற்று வலியைப் பற்றி ஒரு வரி சொன்னாள். பிறகு மருமகள் சினேகாவைப் பற்றி நிறையச் சொன்னாள். ரயில்வே கேட்டை மூடிவிட்டுக் கூட்ஸ் வண்டியை ஊர்வலம் விடுகிறவர்களைத் திட்டினாள். நடுவில், "நீ சாப்ட்டியா? டீ போட்டியா? போடு, நானும் ஒரு வாய் குடிக்கிறேன்" என்றாள்.

"வயித்து வலிக்கு டீ ஆவாதுக்கா."

"எனக்கு ஆவும்."

குடித்தாள். ஏப்பம் விட்டாள். "இப்ப தேவல. உன் கைராசி" என்று சொல்லிவிட்டு, மிதவையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மகிழினி கதவைச் சாத்திவிட்டு இரண்டு டம்ளர்களையும் கழுவினாள். இரண்டாவது டம்ளரை எடுத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அதைத் துடைத்து வைக்கும்போது அழுகை வந்தது. நன்றாக அழுதாள். அப்புறம் பயம் வந்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவள் பயிற்சிக்குப் போகிற ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் முதல் நாளே மேடம் எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். "நீங்க டாக்டர் இல்ல. நோயாளியைத் தொடக்கூடாது, ஒரு மாத்திரை பேர்கூட வாயில வரக்கூடாது. போன செட்டுல ஒருத்தன் தெருவுல வைத்தியம் பார்த்தான். இப்ப அவன் இங்க இல்ல." அந்தப் பையன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மேடம் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது.

அந்தப் படிப்பு ஒன்றுதான் மகிழினிக்கு மிச்சமிருந்தது. காசிமேட்டில் இறால் உரித்து உரித்து அம்மா வாங்கிக் கொடுத்த சீட் அது.

மறுநாள் முதல் மாடி ஜெயவேல் வந்தார். விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். மிதவையை மடியில் வைத்துக்கொண்டு, "தல சுத்துது" என்றார்.

"நான் டாக்டர் இல்லண்ணே."

"தெரியும்மா, நீ கூச்சப்படுவேன்னு அங்கம்மா சொல்லுச்சு."

தலை சுற்றுகிறவர், கடலில் நின்றுபோன இன்ஜினை அரைநாள் போராடிக் கிளப்பின கதையை எழுந்து நின்று நடித்துக் காட்டினார். அதற்கு அடுத்த நாள் எதிர்வீட்டு ரேகாவுக்குக் கை மரத்துப்போனது. மரத்துப்போன கையால் அரைக்கீரை ஆய்ந்து முடித்துவிட்டு, பாதியை மகிழினிக்கே கொடுத்துவிட்டுப் போனாள்.

எல்லாம் அந்தக் கோட்டால் வந்த வினை என்று மகிழினிக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அதை வெளியே காயப்போடாமல் சமையலறைக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டாள்.

மறுநாள் அவள் ஆய்வகத்திலிருந்து வந்தபோது தண்ணீர்க் குழாயடியில் பெரிய கலாட்டா நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் சி பிளாக், எதிர்ப்பக்கம் பி பிளாக்.

"எங்க பொண்ணு வெள்ள கோட்ட எவன் சுட்டது?" என்று அங்கம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க கோட்ட நாங்க ஏன் எடுக்கறோம்? இங்க இன்னா வக்கீலா கீறாங்க?" என்று பி பிளாக்கில் ஒரு பெண்.

"அது டாக்டரு கோட்டு. வக்கீலு கோட்டு கறுப்பு. கலரே தெரியாத கும்பலு, சண்டைக்கு வந்துட்ச்சு."

மகிழினி ஓடிப்போய் ஈரக் கோட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டியதாயிற்று. சண்டை நின்றது. ஆனால் சி பிளாக்கில் ஒரு டாக்டர் இருக்கிறாள் என்கிற செய்தி பி பிளாக்குக்கு முறைப்படி அறிவிக்கப்பட்டுவிட்டது.

சரி, ஒளித்து வைத்தால் வம்பு, தெளிவாகச் சொல்லிப் புரியவைப்போம் என்று முடிவு செய்தாள். ஜெயவேல் மறுபடி வந்தபோது உட்காரவைத்துப் பாடமே நடத்தினாள்.

"அண்ணே, டாக்டர் ஆளைப் பாப்பாங்க. நாங்க ஆளைப் பாக்க மாட்டோம். ரத்தம், தசை, யூரின் இதுல துளி எடுத்து மைக்ரோஸ்கோப்ல வெச்சுப் பாப்போம். உள்ள செல்லு எப்படி கீது, எப்படி கெட்டுப்போவுதுன்னு ஆராய்ச்சி பண்றது. புரிஞ்சிதா?"

"இன்ஜின பாக்க மாட்டீங்க. ஆயில மட்டும் பாப்பீங்க."

"அதேதான்ணே." அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. தன் படிப்பை அம்மாவுக்குக்கூட இவ்வளவு சுலபமாக அவள் விளக்கியதில்லை.

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்புகையில் வாசலில் ஜெயவேல். கையில் செய்தித்தாள் சுற்றிய குவார்ட்டர் பாட்டில். லேபிள்கூடப் பிரிக்கவில்லை.

"ஆயிலு" என்றார்.

அந்த யூரின் பாட்டிலை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக முடியாது. வாசலில் வைத்துவிட்டும் போக முடியாது. கொட்டிக் கழுவிவிட்டு ஓடினாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று ஏதோ யோசனையில் நின்றுகொண்டிருந்தது. ஆய்வகத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே இன்னொரு இடி. அவள் கண்ணாடிக் குடுவையில் வளர்த்துக்கொண்டிருந்த செல்கள் செத்துப் போயிருந்தன. இரண்டாம் முறை. மேடம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எவ்வளவு கொஞ்சமாப் போட்டிருக்கே? இப்படித் தள்ளித் தள்ளிக் கிடந்தா எப்படிப் பிழைக்கும்? பக்கத்துல நாலு இருந்தாத்தான் ஒண்ணு வளரும். முதல் செமஸ்டர் பாடம் இது."

"சாரி மேடம்."

"இன்னொரு தடவை இப்படின்னா, உன் பயிற்சியைப் பத்தி யோசிக்கணும்."

அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்த மொத்தப் பேச்சே அந்த "சாரி மேடம்"தான். ஷேர் ஆட்டோவில் டோல்கேட் வரும்போது யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. போனை எடுத்து, அம்மா பெயர் வரைக்கும் போய்விட்டு, மூடி வைத்தாள்.

வீட்டு வாசலில் மொட்டை மாடி தீபன் காத்திருந்தான். கன்டெய்னர் யார்டில் வேலை. மற்ற நேரமெல்லாம் புறா. அவனைப் பார்த்ததும் மகிழினி புது உத்தி ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"தீபா, சொல்லிடறேன். என் படிப்புல மனுஷனே கிடையாது. எலிதான். எலிக்குத்தான் எல்லாம் பண்ணுவோம்."

தீபன் மாடிக்குப் போனான். திரும்பி வந்தபோது ஒரு கையில் சாவி மிதவை. இன்னொரு கையில் கூண்டு. கூண்டில் ஒரு சாம்பல் புறா.

"எலிக்கு பாக்கறவங்க புறாவுக்கு பாக்க மாட்டீங்களா? சைசு ஒன்னுதானக்கா."

"இதுக்கு இன்னா?"

"பறக்க மாட்டேங்குது. டல்லா கீது. காலைல வந்து வாங்கிக்கறேன். அதுவரைக்கும் பேச்சு குடுத்துகினே இருங்க."

"புறாவுக்கா?"

"பேசலன்னா அது சாப்டாதுக்கா."

என்ன செய்வது? பேசினாள். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு செல்கள் செத்ததைச் சொன்னாள். மேடத்தின் மூக்குக்கண்ணாடியைப் பற்றிச் சொன்னாள். அம்மா கடைசி வாரத்தில், "உனக்கு யாருமே இல்லாம பூடுமேடி" என்று அழுததையும், "எனக்கு யாரும் வாணாம்மா" என்று தான் வீம்பாகச் சொன்னதையும் சொன்னாள். புறா தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டது. கூண்டில் தீபன் வைத்திருந்த கம்புத் தானியம் முழுவதையும் தின்று தீர்த்தது. அவளும் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

விடிந்ததும் கூண்டைத் திறந்தவுடன் அது பால்கனிக் கம்பியில் ஒரு நொடி உட்கார்ந்து, விர்ரென்று மேலே பறந்து போனது.

"புறா டாக்டர்" என்று மாடியிலிருந்து தீபன் கத்தியது பி பிளாக் வரைக்கும் கேட்டிருக்கும்.

கேட்டேவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முன்பின் தெரியாத பெண் ஒருத்தி தோளில் குழந்தையோடு வந்து நின்றாள். குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது.

"டாக்டரம்மா வூடு இதானே? நான் பி பிளாக்கு. மூணு நாளா ஜொரம். எல்லாரும் உங்கிட்ட வராங்களாமே."

பெரியவர்களின் ஏப்பமும் தலைசுற்றலும் வேறு, இது வேறு. "நான் டாக்டர் இல்லம்மா, இல்லம்மா" என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள். ஆட்டோ பிடித்து, அவர்களைக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, சீட்டு வாங்கும்வரை கூடவே நின்றாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் "இன்னும் தாமதிச்சிருந்தா ஃபிட்ஸ் வந்திருக்கும்" என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் ஒரே யோசனை. இதற்கு முற்றுப்புள்ளி வைத்தே ஆக வேண்டும். வைத்தால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரியும். நாளையிலிருந்து யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். டாக்டர் இல்லை என்று தெரிந்த பிறகு, பேசத் தெரியாத ஒரு பெண்ணின் வீட்டுக்கு யார், எதற்கு வரப்போகிறார்கள்? வராவிட்டால் போகட்டும் என்று நினைக்கப் பார்த்தாள். நினைக்க முடியவில்லை. சாயங்காலம் ஆனால் காது தானாக வாசல் பக்கம் போகப் பழகியிருந்தது.

இருந்தாலும் எழுதினாள். பெரிய வெள்ளைத் தாளில், கொட்டை எழுத்தில்: "இங்கு டாக்டர் இல்லை. இருந்ததும் இல்லை. உடம்பு சரியில்லாதவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவும்." கதவில் ஒட்டிவிட்டு, நான்கு மூலையிலும் அழுத்தித் தேய்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் சாயங்காலம் ஆறானது. அடுப்பில் டீ கொதித்தது. பழக்கத்தில் இரண்டு பேருக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. கதவருகே நின்றது. படிக்கிறார்கள் என்று புரிந்தது. மறுபடி செருப்புச் சத்தம், இறங்கிப் போய்விட்டது.

சரிதான். மகிழினி அடுப்பை அணைத்தாள். வீடு அமைதியாக இருந்தது. அம்மாவை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு எல்லோரும் கிளம்பிய பிறகு இருந்த அதே அமைதி. இதைத்தானே கேட்டோம் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு, ஒரு டம்ளரில் மட்டும் டீயை ஊற்றினாள்.

கதவு தட்டப்பட்டது.

ஓடிப்போய்த் திறந்தாள். ரேகாவின் புருஷன் குமாரவேல் நின்றார். ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்பார். வீட்டில் இருக்கும் பாதியிலும் பேச மாட்டார். எதிர்வீட்டிலேயே இருந்தும் அவர் குரலை அவள் சரியாகக் கேட்டதில்லை. ரேகா ரெட்ஹில்ஸில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அதனால் ஆரஞ்சு மிதவை இன்று இவர் கையில் மாட்டியிருந்தது. மற்றொரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

"இன்னாண்ணே?"

"முட்டி வலிம்மா."

"எந்த முட்டி?"

குமாரவேல் குனிந்து இரண்டு முட்டியையும் பார்த்தார். வலது முட்டியைத் தொட்டார். அது சரியாக வரவில்லையோ என்னவோ, இடதையும் தொட்டார்.

"அண்ணே, கதவுல எழுதியிருக்கறதைப் பாத்தீங்களா?"

"படிச்சேன்."

"டாக்டர் இல்லேன்னு எழுதியிருக்கேன்."

"ஆமாம்மா. அதான் ஒரு தபா எறங்கி போயிட்டேன். ரேகாவுக்கு போன் போட்டேன். எடுக்கல."

"எதுக்கு போன்?"

"போர்டு போட்டுட்டா அப்பால இன்னா சொல்றதுன்னு கேக்கலாம்னு." அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. முதுகுக்குப் பின்னாலிருந்த கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்தார். அதில் ஒரு காலி டம்ளர் இருந்தது. "சக்கர கீதாம்மா?"

"உங்க வூட்ல இல்லியா?"

"கீது" என்றார் குமாரவேல். பொய் அவருக்கு அதற்கு மேல் ஓடவில்லை.

மகிழினி டம்ளரைப் பார்த்தாள். மிதவையைப் பார்த்தாள். அங்கம்மாவின் இடுப்பில், ஜெயவேலின் மடியில், தீபனின் கையில் இருந்த அதே மிதவை.

"அண்ணே, உங்களுக்கு இன்னாதான் உடம்புக்கு?"

"எனக்கு ஒன்னும் இல்லம்மா. யாருக்கும் ஒன்னும் இல்ல. அந்த புறாவுக்குகூட ஒன்னும் இல்ல." அவர் குரல் தாழ்ந்தது. "மோட்டாரு சாவி எவன் கையில கீதோ, அவன் அன்னிக்கு தனியா கீறவங்க கதவ தட்டி ஒரு வார்த்த பேசிட்டு வரணும். பீம்ராவ் பெருசு தனியா கெடந்தப்போ உங்கம்மா போட்ட ரூலு அது."

"நான் டாக்டர் இல்லேன்னு..."

"அது எல்லாத்துக்கும் மொதல்லயே தெரியும்மா."

"அப்புறம் எதுக்கு எல்லாரும் வியாதின்னு வந்தீங்க?"

குமாரவேல் காலி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சக்கர கேட்டா நீ கதவே தொறக்கல, அங்கம்மா வயித்து வலின்னதும் தொறந்துட்ட, வேற வழி தெரியாம மொத்த பிளாக்கும் நோயில வுழுந்துட்ச்சும்மா."